சோடாக் கம்பெனியில் போன கண்

என் இடது கண் இருந்த இடத்தில் இப்போது ஒரு குழிதான் இருக்கிறது. பார்த்ததும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிலர், "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்பவர்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்வதில்லை. ஆள் பெயரைச் சொல்லி, இடத்தைச் சொல்லி, ஒன்று விடாமல் சொல்கிறேன். "போனது போகட்டும், மன்னிச்சு விட்டுடு மாணிக்கம்" என்று கோயிலில் ஒரு பெரியவர் சொன்னார். கண்ணைக் கொடுத்தவன் நான். மன்னிப்பதா வேண்டாமா என்பதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு மலாக்கா டவுனுக்கு அக்காவைத் தேடி வந்தேன். அக்கா லெட்சுமியை காஜா பெராங்கில் சோடாக் கம்பெனி வைத்திருந்த நாகலிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முன்னால் வீடு, பின்னால் கம்பெனி. அவர்களுக்கு வசந்தா என்று ஒரு மகள். வந்த அன்றே மச்சான் என்னை வேலையில் போட்டார். "வீட்ல எடம் பத்தாது, வெளியில பாத்துக்க" என்றார். கம்போங் செட்டியில் மீனாச்சி என்ற விதவை தன் வீட்டுப் பக்கத்து அறையை வாடகைக்குத் தந்தார். பெயர்தான் மீனாச்சி. தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டி மக்களில் பலரைப் போல அவருக்கும் தமிழ் வராது, வீட்டில் பேசுவதெல்லாம் மலாய்தான். நான் அவரை மக்சிக், அதாவது சின்னம்மா என்று கூப்பிடுவேன்.

கம்பெனிக்குள் மச்சானை மச்சான் என்று கூப்பிடக்கூடாது. முதலாளி என்றுதான் கூப்பிட வேண்டும். நாலு பேருக்கு நடுவில் உறவு கொண்டாடினால் மற்றவர்கள் மதிக்கமாட்டார்கள் என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சோடா நிரப்புகிற மெஷினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சர்பத்து ஊற்றிய போத்தலை மெஷினில் மாட்டிக் கைப்பிடியை இழுத்தால், கேஸ் கலந்த தண்ணீர் அழுத்தத்தோடு உள்ளே பாயும். திரும்பத் திரும்பக் கழுவி நிரப்பும் பழைய போத்தலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், அந்த அழுத்தத்தில் வெடித்துவிடும். அதற்காகவே மெஷினைச் சுற்றி ஒரு கம்பிக்கூண்டு இருந்தது. ஒவ்வொரு போத்தலுக்கும் கூண்டைத் திறந்து மூட வேண்டும். மெர்டேக்கா, அதாவது சுதந்திரக் கொண்டாட்டம் நெருங்க நெருங்க ஆர்டர் வந்து குவிந்தது. ஒரு நாள் மச்சானே ஸ்பேனரை எடுத்துவந்து கூண்டைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"முதலாளி, போத்தல் வெடிச்சா?" என்றேன்.

"வெடிச்சா தள்ளி நில்லு. நாடே விடுதலையாகப் போவுது, நீ என்னடான்னா கூண்டு கேக்குறே" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்த வாரமே வெடித்தது. சத்தம் கேட்ட நினைவு இல்லை. யாரோ முகத்தில் வெந்நீரை வீசியடித்த மாதிரி இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், விரலெல்லாம் பிசுபிசுத்தது. ஆரஞ்சு சர்பத்து என்று நினைத்து நக்கினேன். உப்புக் கரித்தது.

டெலிவரி வேனில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலையைச் சுற்றித் துண்டைக் கட்டியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது. எப்படி நடந்தது என்று அங்கே யாரோ கேட்டார்கள். மச்சானின் குரல் பதறாமல் பதில் சொன்னது: "என் பொஞ்சாதியோட தம்பிங்க. வீட்ல சோடா ஒடைக்கும்போது வெடிச்சிருச்சு."

வீட்டில் என்று ஏன் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்த வலியில் அந்த எண்ணமும் அமுங்கிப்போனது.

மூன்றாம் வகுப்பு வார்டில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. அடிபட்டது இடது கண்தான் என்றாலும் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் கூடவே அசையும், அசைந்தால் புண் ஆறாது என்று வார்டில் இருந்த தமிழ் மிஸ்ஸி விளக்கினாள். அங்கே நர்ஸ்களை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பென்சிலின் ஊசி இடுப்பில் இறங்கும்போதெல்லாம், "பாட்டு ஏதாச்சும் நெனச்சுக்கோ" என்பாள். எனக்கு ஒரு பாட்டும் நினைவுக்கு வராது.

கண்ணைக் கட்டிப் படுத்திருப்பவனுக்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். கஞ்சி வாசம் வந்தால் காலை. ஈரத்துணியால் தரையைத் துடைக்கும் சத்தம் கேட்டால் மத்தியானம் கழிந்துவிட்டது என்று அர்த்தம். அக்காவின் வளையல் சத்தம் கேட்டால் சாயங்காலம். ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து கொண்டுவந்து, வாயைத் திறக்கச் சொல்லி ஊட்டுவாள். மூன்றாம் வகுப்பில் கட்டணம் சொற்பம்தான். அதையும் முட்டை விற்ற காசில் அவள்தான் கட்டினாள். செலவையெல்லாம் மச்சான் ஏற்றுக்கொண்டார் என்று ஊருக்குள் பேச்சு. பேச வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். ஒரு நாள் இடது கண் கட்டை மட்டும் பிரித்து வெகுநேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். மிஸ்ஸி உடனே மொழிபெயர்க்கவில்லை. அவள் தயங்கியதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"கண்ணுமுழி கிழிஞ்சு உள்ள இருந்த தண்ணியெல்லாம் வெளிய வந்திருச்சு. இனிமே அதுல பார்வை வராது. அதை எடுத்துடணும்னு சொல்றாரு" என்றாள்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே மிஸ்ஸி."

"இருந்தா நல்ல கண்ணும் கெட்டுப்போகலாம். அடிபட்ட கண்ணு கிழிஞ்சு கெடந்தா, சில பேருக்கு ஒடம்பே ஏமாந்துபோயி நல்ல கண்ணையும் எதிரின்னு நெனச்சுத் தாக்க ஆரம்பிச்சிரும். அப்புறம் ரெண்டும் போயிரும். அதுக்கு முந்தி எடுக்கணும்."

சம்மதித்தேன். வேறு வழி ஏது? ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த பிறகும் வலது கண்ணைக் கட்டித்தான் வைத்திருந்தார்கள். கட்டு அவிழும்வரை அது பிழைத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. செத்துப்போகிற பயம்கூடப் பரவாயில்லை. எழுந்து கக்கூஸுக்குப் போவதற்குக்கூட ஆயுசு முழுக்க இன்னொருவன் கையைப் பிடிக்க வேண்டும் என்ற பயம் இருக்கிறதே, அது கெட்ட பயம்.

பக்கத்துக் கட்டிலில் காதர் பாய் என்று ஒருவர் இருந்தார். கப்பலிலிருந்து சாமான் இறக்குகிற தொங்காங் படகில் வேலை. பெட்டி விழுந்து கால் முறிந்தவர். முகம் தெரியாமலே அவரோடு பழகினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிற கனத்த குரல் அவருக்கு. அவருடைய யூனியன்காரர்கள் வந்து அவருக்கு நஷ்ட ஈடு வரப்போவதைப் பற்றிப் பேசுவார்கள். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஒனக்கும் உண்டு தம்பி" என்றார். "நீ தொழிலாளியா இருக்கணும். வேலை செய்யிறப்போ, அந்த வேலையினால அடிபட்டிருக்கணும். அவ்ளோதான். கண்ணுக்கு இவ்ளோ, கைக்கு இவ்ளோன்னு சட்டத்துல இருக்கு. மொதலாளி யாரு?"

"எங்க அக்கா வீட்டுக்காரரு."

காதர் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு கேட்டார்: "நீ அவரு வூட்லயா தங்கியிருக்கே?"

"இல்ல பாய். கம்போங் செட்டியில ரூம்பு."

"அல்ஹம்துலில்லாஹ். மொதலாளியோட குடும்பத்து ஆளு, அவரு வூட்லயே குடியிருந்தா, சட்டத்துல அவன் தொழிலாளி இல்ல. ஒரு காசு பேராது."

எனக்கு மச்சான் சொன்னது நினைவுக்கு வந்தது. முந்தின நாள்தான் மச்சான் வந்திருந்தார். என் காலைத் தொட்டு, "டிஸ்சார்ஜ் ஆனதும் நம்ம வீட்டுக்கே வந்துடு மாணிக்கம். முன்னறைய ஒனக்கு ஒதுக்கியாச்சு. ஒன் பொட்டியகூட செட்டி வீட்லேருந்து எடுத்தாரச் சொல்லிட்டேன்" என்றார். அத்தனை நாளில் அவர் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. கட்டு நனைந்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு எனக்கு அழுகை வந்தது. தனக்கு மகன் இல்லாத குறைக்கு என்னை மகனாக எண்ணிவிட்டார் என்று மிஸ்ஸியிடம்கூடச் சொன்னேன்.

வீட்டில் சோடா உடைக்கும்போது வெடித்தது. முன்னறை ஒதுக்கியாச்சு. பெட்டியை எடுத்தாரச் சொல்லிட்டேன். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். கண் போனதைக்கூட விபத்து என்று விட்டிருப்பேன். கண்குழிகூட ஆறாமல் படுத்திருப்பவனின் காலைத் தொட்டுப் பேசியபடியே அவன் வாயில் மண்ணைப் போட வழி பார்த்திருக்கிறாரே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. அன்றைக்கு மனதில் விழுந்தது இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

மெர்டேக்கா அன்று காலை வார்டில் ரேடியோ வைத்தார்கள். முழக்கம் கேட்கக் கேட்கக் கட்டிலில் கிடந்தவர்களும் கத்தினார்கள். காதர் பாய் கட்டில் கிறீச்சிட, கட்டுப்போட்ட காலோடு எழுந்து உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினார். மிஸ்ஸி எல்லோருக்கும் இனிப்பும் சோடாவும் கொடுத்தாள். என் கையில் போத்தல் சில்லென்று பட்டது. மச்சான் கம்பெனிப் போத்தல்தான் என்று தடவியே தெரிந்துகொண்டேன். நாடு சுதந்திரம் வாங்கிய அந்தக் காலையில், நாகலிங்கத்தை எப்படித் தெருவுக்குக் கொண்டுவருவது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த யோசனைதான் என்னைச் சோறு தின்ன வைத்தது.

வலது கண் கட்டை அவிழ்த்தபோது முதலில் வெறும் வெள்ளையாக இருந்தது. பிறகு மிஸ்ஸியின் கை தெரிந்தது. அதற்கப்புறம் கட்டில் கால்மாட்டில் ஆரஞ்சுப் பழங்களோடு நிற்கிற மச்சானின் முகம். பிழைத்துவந்த கண் முதன்முதலாகப் பார்த்த முகம் அதுதான்.

"தெரியுதா மாணிக்கம்?" என்றார்.

"நல்லாத் தெரியுது மச்சான்" என்றேன்.

டிஸ்சார்ஜ் அன்று வாசலில் வேன் காத்திருந்தது. நான் பின்பக்க வழியாக வெளியேறி திரிஷா என்ற சைக்கிள் ரிக்ஷா பிடித்துக் கம்போங் செட்டிக்குப் போனேன். என் பெட்டி என் அறையிலேயே இருந்தது. மச்சான் அனுப்பிய ஆளிடம், பெட்டிக்காரன் வந்து கேட்டால்தான் கொடுப்பேன் என்று மக்சிக் திருப்பியனுப்பியிருந்தார். என் முகத்தைப் பார்த்து, "காசியான்" என்று மட்டும் மலாயில் பரிதாபப்பட்டுவிட்டு, காப்பி போட உள்ளே போய்விட்டார்.

காதர் பாய் ஊன்றுகோலோடு என்னை லேபர் ஆபீசுக்குக் கூட்டிப்போனார். புகார் போன மறுநாளே மச்சானின் குணம் மாறியது. என்னை வேலைக்கு வைக்கவே இல்லையாம். மைத்துனனாம், வீட்டோடு இருந்தவனாம், பொழுது போகாமல் மெஷினில் கை வைத்தானாம். கூட வேலை செய்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. ஆனாலும் அவர்களில் ஒருவனோடும் நான் இன்றுவரை பேசுவதில்லை.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் அக்கா என் அறைக்கு வந்தாள். 

"நாளைக்கி என்னைய சாட்சிக்கு வரச்சொல்லியிருக்காரு" என்றாள். "நீ எங்க வீட்லதான் இருந்தேன்னு சொல்லணுமாம்."

"சொல்லுக்கா."

"சொல்லலன்னா வசந்தாவையும் என்னையும் வெளிய நிறுத்திடுவேங்குறாரு. நீ கேஸை வாபஸ் வாங்கிடேன்டா. நான் கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து ஒனக்குக் குடுக்குறேன்."

"ஒன் முட்டைக் காசு எனக்கு வேணாம். அவரு கையிலேருந்து வரணும். நாலு பேரு முன்னாடி, 'இவன் என் ஆளு, என் மெஷின்லதான் கண்ணு போச்சு'ன்னு ஆகணும். அதுக்கு மேல நீ எதைச் சொன்னாலும் ஒன்னைய நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்."

கடைசியில் சொன்னது பொய். அவள் மாற்றிச் சொல்லியிருந்தால் அவளையும் விட்டிருக்கமாட்டேன்.

மறுநாள் ஒரு நீளமான மேசைக்குப் பின்னால் மலாய்க்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மக்சிக் நல்ல கெபாயா உடுத்தி வந்து, நான் அவர் வீட்டில்தான் குடியிருந்தேன் என்று மலாயில் சொன்னார். தினமும் காலையில் காப்பி போட்டது தான்தான் என்று கேட்காமலே சேர்த்துக்கொண்டார். வாடகை ரூம்பு பேருக்குத்தான், சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்தான் என்று மச்சான் அடித்துப் பேசினார். "என் தம்பி மாதிரிங்க" என்று என் பக்கம் கையைக் காட்டியபோது அவர் குரல் தழுதழுத்தது. அதிகாரியின் முகம் இளகியதை நான் பார்த்தேன். அந்த இடத்தில் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். உங்கள் தம்பி உங்கள் வீட்டில் வசித்தாரா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அவள் மச்சானைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, பஞ்சு வைத்து ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள். "ஒரு நாளுகூட அவனுக்கு எங்க வீட்ல பாயி விரிச்சதில்ல."

"சொந்தத் தம்பியாச்சே, ஏன்?"

"நான் கேட்டேங்க, அவன் வந்த அன்னிக்கே. 'வேலைக்காரனுக்கு வீட்டுக்குள்ள என்னா வேலை'ன்னு சொன்னாரு. தீபாவளிக்குக்கூடப் பின்கட்டுலதான் எலை போட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு மச்சானை நிமிர்ந்து பார்த்தார். எனக்கும் அது புதிய செய்திதான். இடம் பத்தாது என்ற பேச்சை அத்தனை காலமும் நம்பியிருந்தேன்.  அவமானமாக இருந்தது, கூடவே ஒரு குதூகலமும் வந்தது. என்னை வாசலோடு நிறுத்திய அந்த ஒரு சொல்லே என்னைத் தொழிலாளி ஆக்கிவிட்டது.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. மச்சான் இன்சூரன்ஸ் எடுக்காமல் விட்டிருந்ததால் எல்லாம் கைக்காசுதான். டெலிவரி வேனை விற்றார். வாங்கியவர் புக்கிட் ரம்பாய்க்காரர். வாரச்சந்தை நாளில் அந்த வேன் காய்கறி ஏற்றிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போகும். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று பார்ப்பேன். மெஷின் சோதிக்கிற அதிகாரிகள் கம்பெனிக்குப் போய்க் கூண்டைத் திரும்ப மாட்ட வைத்தார்கள். அவர்களுக்கு ஆள் விட்டுச் சொன்னது நான்தான்.

மச்சான் அக்காவை வெளியே நிறுத்தவில்லை. தன் சோற்றைத் தானே போட்டுத் தின்ன வேண்டிவரும் என்று யோசித்திருப்பார். அவளோடு பேசுவதை மட்டும் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார். "நிம்மதியாத்தான்டா இருந்துச்சு" என்றாள் அக்கா.

வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. மணப்பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட வேண்டும், சீர் வைக்க வேண்டும். நான் போகாமல் மணமேடை நிறையாது. மச்சான் அக்காவிடம் சொல்லியனுப்பினார்: ஆஸ்பத்திரியில் சொல்லி சிங்கப்பூரிலிருந்து கண்ணாடிக் கண் வரவழைக்கலாம், செலவு அவருடையது. அது பிடிக்கவில்லையென்றால் கறுப்புக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ள வேண்டும். சம்பந்தி வீட்டார் பெரிய இடம்.

ஆஸ்பத்திரியிலும் எனக்குக் கண்ணாடிக் கண் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். டாக்டர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். அக்காவோடு வந்திருந்த வசந்தாவிடம் கேட்டேன்: "ஒனக்கு எப்படிம்மா வேணும்?"

"நீங்க எப்பிடி இருக்கீங்களோ அப்பிடியே வாங்க மாமா" என்றாள். "என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல."

வேட்டி சட்டையில், கண்குழியை மறைக்காமல் போனேன். சீரைக் குறையில்லாமல் வைத்தேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மாலை போட்டு முடிந்ததும் குடும்பப் படம் எடுக்க நிறுத்தினார்கள். போட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிறீங்களா?" என்றார். நான் இந்தப் பக்கமாகத் திரும்பி, இடது கன்னத்தை நன்றாக அவருக்குக் காட்டினேன். பக்கத்தில் நின்ற மச்சானின் தோளில் கையைப் போட்டேன். அவர் உடம்பு விறைத்தது. விளக்கு பளிச்சென்று அடித்தது.

பெண் வீட்டார் எல்லோரும் இருக்கிற படம் அது ஒன்றுதான். அதனால் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அக்கா ஹாலில் மாட்டினாள். நானும் குழியுமாக நடுவில் நிற்கிறோம். படத்தைக் கழற்றச் சொன்னால் மகள் முகத்தையும் சேர்த்துக் கழற்ற வேண்டும், மச்சானால் அதைச் சொல்ல முடியாது.

போன வாரம் அக்கா கம்போங் செட்டிக்கு வந்தபோது, "சாப்பிடுற நாற்காலிய எதுத்த சொவத்துப் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கிட்டாருடா. படத்தைப் பாத்துக்கிட்டுச் சாப்பிட முடியலையாம்" என்றாள்.

"அந்தச் சொவத்துல ஆணி இருக்காக்கா?" என்று கேட்டேன். "போட்டோக் கடையில அதே படத்துல இன்னொண்ணு போடச் சொல்றேன்."



"ஆணி இல்ல" என்றாள். "அடிச்சிக்கலாம்."